வால் என் பங்கு

6-2-1966, ஞாயிறு

பினாங்கிலிருந்து ரத்னம் மாமா அனுப்பிய பெட்டி வந்தது. உள்ளே பொம்மை ஏரோப்ளேன், துண்டு துண்டாக. ஒட்டிச் சேர்க்க வேண்டும். எஞ்சின் உண்டு, கீழே நின்றபடியே வயர்லெஸ்ஸில் திருப்பலாமாம். 'அண்ணன் தம்பி சேர்ந்து செய்யுங்கள், மாதக் கடைசியில் வந்து பார்க்கிறேன்' என்று ஒரு சீட்டு.

கிணற்றுத் தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, போன சித்திரையிலிருந்து நானும் அண்ணனும் பேசுவதில்லை. வீட்டு நடுவே சுவரும் எழுப்பியாகிவிட்டது. எங்களை வளர்த்த மாமாவிடம் இதை யார் சொல்வது?

7-2

அண்ணன் ஏரோப்ளேனையும் பாகம் பிரித்துவிட்டார். உடம்பு, இறக்கை, எஞ்சின், வயர்லெஸ் அவருக்கு. எனக்கு வால். அண்ணிதான் சுவர் மேலாக நீட்டினார்.

"வால மட்டும் வெச்சிக்கினு நான் இன்னா பண்றது அண்ணி?"

"ஆட்டிக்கோ தம்பி."

8-2

யோசித்தால் நல்ல பங்குதான். வாலில்லாமல் எது பறக்கும்?

11-2

வால் சட்டத்தை மூட மாமா பெட்டியில் பட்டுத்துணி வைத்திருந்தாராம். ஜைன வீட்டில் பட்டு ஆகாதென்று அண்ணி தரவில்லை. "பூச்சியக் கொன்னு எடுத்தது. நமக்கு வேணாம்." கடைத்தெருவில் காற்றாடித் தாள் வாங்கினேன். அண்ணனுக்கு வெள்ளைதான் பிடிக்கும். ஆகவே ரோஸ்.

14-2

சட்டத்தின்மேல் தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் பம்பைத் தோல் மாதிரி விறைக்கிறது. அதன்மேல் வார்னிஷ். ஒரு பக்கம் மட்டும் பூசிவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் வால் அப்பளமாக வளைந்திருக்கிறது. மறுபக்கமும் பூசி, பலகை வைத்து அழுத்தினேன். நிமிர்ந்துவிட்டது. ஏறக்குறைய.

17-2

செங்குத்தாக நிற்கும் பகுதியில் மசியால் அண்ணன் முகத்தை வரைந்தேன். மூக்கு பெரிதாகிவிட்டது. இல்லை, சரியாகத்தான் வந்திருக்கிறது.

20-2

அண்ணன் வாலைக் கேட்டு அனுப்பினார். அவரே வந்து கேட்கட்டும் என்றேன். சுவருக்கு அந்தப்பக்கம், மாட்டிடம் பேசுவதுபோல, "எவன் வாலும் நமக்கு வேணாம்" என்றார். அட்டையில் சொந்த வால் செய்கிறாராம்.

22-2

அட்டை வாலோடு ஏரோப்ளேனை ராஜகிரி மலை அடிவாரத்தில் விட்டிருக்கிறார். மூக்கைத் தூக்கி, பின்னால் சரிந்து, மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே விழுந்ததாம். நன்றாகச் சிரித்தேன்.

சாயங்காலம் அந்தப்பக்கம் சத்தமே இல்லை. பசை வாசனை மட்டும் வந்தது. என் வாலைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். ஏன்? மாமா வருகிறாரே, அதற்காகத்தான்.

27-2, ஞாயிறு

மாமா வந்தார். சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மூவரும் அடிவாரம் போனோம். ஏரோப்ளேன் ஏறியது — ரோஸ் வால், மூக்கு எல்லாம் சேர்ந்து. பிறகு இடதுபக்கமாகவே சாய்ந்து மலைப்பாறையை நோக்கிப் போனது.

"டேய் அஜிதா, வால இன்னாடா பண்ணித் தொலச்ச?"

பத்து மாதத்தில் அண்ணனின் முதல் பேச்சு.

"வளஞ்சிருக்குதுண்ணா. வலப்பக்கம் திருப்பு, வலப்பக்கம்."

திருப்பினார். பாறை தப்பியது. புளியமரம் தப்பவில்லை.

கிளையில் தொங்கிய வாலைப் பார்த்து, "யார்ரா அந்த மூக்கன்?" என்றார் மாமா. நாங்கள் இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1-3

மத்தியானம் அண்ணன் என் பக்கத்துக்கு வந்தார். புது வால் செய்தாக வேண்டும். தாளின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில்.

"இழுக்காதடா."

"நீதாண்ணா இழுக்கிற."

வெள்ளைத் தாள். ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசி நிமிர்ந்தால் பொழுது சாய்ந்திருந்தது. ஜைன வழக்கப்படி விளக்கு வைத்தபின் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. அண்ணி எங்கள் இருவருக்கும் பரிமாறி வைத்திருந்த இரண்டு இலையையும் எடுத்துப்போய் மாட்டுக்கு வைத்துவிட்டார்.