எங்கள் வங்கி வளர்ந்த கதை

ஒனிஹங்கா, ஒக்லாந்து
3.3.1996

அன்புள்ள மச்சான் கதிர்,

ஆறு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெரிய மனிசனாகிவிட்டாய், எங்களை எங்கே ஞாபகம்! யாழ்ப்பாணத்தில் ஒரே வங்கியில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் மறுபடி ஒரே வங்கியில் இருக்கிறோம். நீ அமெரிக்கத் தலைமையகத்தில், நான் இந்த ஒக்லாந்துக் கிளையில். நீ சொல்லித்தான் என்னை எடுத்தார்கள், அதை மறக்கமாட்டேன்.

மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஐம்பது வயதில் இருபது வருட மோர்ட்கேஜ் கடன் என்றால் என் மனைவி சாந்தகுமாரிக்கு நெஞ்சு பதறுகிறது. வேலை நிலைக்குமா என்று இங்கே மனேஜரைக் கேட்டால் பல்லைக் காட்டுகிறான். நம் ஹார்லன் நேஷனல் வங்கி எப்படித் தொடங்கியது, எவ்வளவு உறுதியானது என்று நீ எழுது. ஊரில் வங்கி வேலை என்றால் பென்சன் வரைக்கும்தானே. நீ வாங்கு என்றால் வாங்குவேன், பொறு என்றால் பொறுப்பேன். இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன்,
தியாகு

ரிச்மண்ட், வர்ஜீனியா
21.3.1996

அன்புள்ள தியாகு,

என்னிடம் கேட்க உனக்கென்ன கூச்சம்?

நம் வங்கி 1874இல் ஒரு தானியக் கடையின் பின்னறையில் தொடங்கியது. இருந்ததெல்லாம் ஓர் இரும்புப் பெட்டியும் இரண்டு குமாஸ்தாக்களும்தான். முப்பதுகளில் ஊரெல்லாம் வங்கிகள் இழுத்து மூடியபோது, முதலாளி வாசலில் நின்று ஆட்களுக்குத் தன் கையால் காசு கொடுத்தாராம். எண்பதுகளில் மாநிலம் தாண்டி வங்கி நடத்தச் சட்டம் வழிவிட்டதும் பிடித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. இதுவரை இருபத்திரண்டு வங்கிகளை வாங்கியாயிற்று. போன மாதம் இருபத்துமூன்றாவதுக்கும் கையெழுத்தானது. பேப்பரில் எங்கள் தலைவரின் படம் அரைப்பக்கம்.

இவ்வளவு பெரிய மரம் சாயுமா? பயப்படாதே, வாங்கு. இங்கே வேலை தலைக்கு மேல். இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
கதிர்காமநாதன்

மவுண்ட் வெல்லிங்டன்
16.6.1996

என் அருமை மச்சான்,

வாங்கிவிட்டோம்! வியாழக்கிழமை பால் காய்ச்சினோம். அடுப்பு மின்சார அடுப்பு, பால் பொங்காமல் அடம்பிடித்தது. சாந்தகுமாரி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். பொங்கி வழிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். சாமிப்படத்துக்குக் கீழே உன் கடிதத்தை வைத்திருந்தேன். பைத்தியம் என்று திட்டாதே.

வந்தவர்களுக்கு அதை வாசித்தும் காட்டினேன். வங்கியில் என்னோடு வேலை செய்யும் குலசிங்கத்துக்கு நகரசபையில் ஒரு வேலை கிடைத்திருந்தது. உன் கடிதத்தைக் கேட்டபிறகு, "ஓம், இனி ஏன் அங்க போவான்" என்று அதை வேண்டாம் என்றுவிட்டான்.

ஒருமுறை வா. உனக்கென்று ஒரு அறை இருக்கிறது.

உன் தியாகு

ரிச்மண்ட்
30.7.1996

தியாகு,

உன் கடிதம் நாலைந்து கிழமையாக மேசை லாச்சியில் கிடக்கிறது. இந்நேரம் உங்கள் கிளையை மூடுகிற செய்தி வந்திருக்கும். பதினொரு பேருக்கும் கடிதம் தந்திருப்பார்கள்.

எனக்கு அது பெப்ரவரியிலேயே தெரியும்.

நான் எழுதிய சரித்திரத்தில் பொய் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். ஒவ்வொரு வங்கியை வாங்கும்போதும் எங்கே மூடுவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று பட்டியல் போடுவது என் பகுதியின் வேலை. இருபத்துமூன்றாவதை வாங்கியதும் வெளிநாட்டுக் கிளைகளைக் குறைக்கச் சொன்னார்கள். ஒக்லாந்துப் பட்டியலில் ஆறாவது உன் பெயர், ஏழாவது குலசிங்கம். அடியில் இருப்பது என் கையெழுத்து.

வெளியே சொன்னால் என் வேலை போகும். அது பாதிக் காரணம்தான். 'பொறு' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? நீ என்னைப் பெரிய மனிசன் என்று எழுதியிருந்தாய். நண்பனைக்கூடக் காப்பாற்ற வக்கில்லாதவன் என்று காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. வெட்கங்கெட்டவன் நான். மூன்று தரம் போன் எடுத்து வைத்துவிட்டேன். மோர்ட்கேஜுக்கு என்னால் ஆனதை அனுப்புகிறேன். மறுக்காதே.

கதிர்

மவுண்ட் வெல்லிங்டன்
25.8.1996

கதிர்காமநாதன்,

கிடைத்தது. காசு அனுப்ப வேண்டாம்.

மனுரேவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. வீடு நிற்குமோ தெரியாது. குலசிங்கத்துக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. நேற்றுக் கோயிலில், "உங்கட சிநேகிதரும் பாவம், அவருக்கும் தெரியாமத்தானே இருந்திருக்கும்" என்றான். ஓம் என்று சொன்னேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. உனக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாந்தகுமாரிக்கும் நான் சொல்லவில்லை. வேலை போன அன்று, "கதிரண்ணை இருக்கிறார், அவருக்கு எழுதுங்கோ" என்றுதான் அவள் முதலில் சொன்னாள்.

இனி எழுதாதே. தபால்பெட்டியில் உன் கையெழுத்தைக் கண்டால் அவள் சந்தோஷத்தோடு ஓடிவந்து என்னிடம் தருவாள்.

தியாகலிங்கம்