வெள்ளை நாடா கட்டிய மண்

தாபோடி, பூனா.
ஜூலை 2003

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு,

பவுன் எழுதுகிறேன். நானும் பிள்ளையும் சேசுவின் புண்ணியத்தில் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி காயவில்லை, குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் பூசணம். ஸ்டெல்லாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மராத்தியில் நல்ல மார்க். உங்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுதடி என்றால் மட்டும் பேனாவைப் போட்டுவிட்டு ஓடுகிறாள்.

உங்களோடு வேலை செய்கிற மாடசாமி தம்பியை இங்கே செயற்கைக் கால் வைக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் பெண்டாட்டி செல்லக்கனி ஊரிலிருந்து வந்து நம் கதவைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். நீங்கள் ஸ்டோர் டியூட்டியில் இருப்பதாகத்தானே எழுதினீர்கள்? போன வருஷம் எல்லையில் புதைத்த கண்ணிவெடிகளை நீங்களே தோண்டி எடுக்கிறீர்கள், அதுவும் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டு முதல் ஆளாகப் போகிறீர்கள் என்று மாடசாமி சொல்லித்தான் கேட்டேன். நல்ல ஸ்டோர்! புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா?

நடந்ததையும் சொன்னார். முந்தின நாள் நீங்கள் ஒரு துண்டு மண்ணைத் துழாவி முடித்து, சுத்தம் என்று வெள்ளை நாடா கட்டினீர்களாம். சாயங்காலம் புழுதிக்காற்று, பின்னாலேயே மழை. விடிந்து பார்த்தால் நாடா கட்டினபடியே இருந்ததாம். "சவரி அண்ணன் கட்டுன நாடா மைனி. அதுக்குள்ள நான் கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்லா" என்றார். அப்படித்தான் நடந்திருக்கிறார்.

மறுநாள் ஸ்டெல்லா பூகோளப் பரீட்சைக்குச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். என்னடி அது என்றேன். "மம்மி, ரேகிஸ்தான்ல ஹவா இந்தப் பக்கம் மணலை மேல தள்ளும், அந்தப் பக்கம் சரிஞ்சு விழும். அப்படியே மேடு நடந்து போகும்" என்றாள். ரேகிஸ்தான் என்றால் நீங்கள் இருக்கிற பாலைவனம்தான், ஹவா என்றால் காற்று. மழை அங்கே எப்போதோதான் பெய்யுமாம். ஆனால் பிடித்து நிறுத்தப் புல்பூண்டு கிடையாதே, அந்தக் கொஞ்ச மழையே மண்ணை வாரிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடிவிடுமாம். அவளுக்கு அது ஐந்து மார்க் கேள்வி. நான் அதையே இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

மேட்டிலே புதைத்தது சரிந்து, தண்ணீரோடு உருண்டு, நீங்கள் துழாவி முடித்த இடத்தில் வந்து கிடந்திருக்கிறது. நீங்கள் பார்த்தபோது அங்கே ஒன்றும் இருந்திருக்காது. உங்கள் கை பிசகவில்லை. இதை நான் சொன்னால் ஏறாது, பெரிய அதிகாரி சொன்னாலும் ஏறாது, எனக்குத் தெரியும்.

லீவு கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டீர்களாமே. மிச்சத்தையும் நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கி நிற்கிறீர்களாமே. மாடசாமி முகத்தில் முழிக்கப் பயம், அதுதானே? காற்றும் மழையும் செய்த காரியத்துக்கு உங்கள் காலைக் கொடுத்து ஈடுகட்டப் போகிறீர்களா? இன்றைக்குச் சுத்தம் செய்த இடம் நாளைக்குச் சுத்தமில்லை என்றால் அந்த வேலைக்கு முடிவு ஏது? கோபத்தில் எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

செல்லக்கனி என்னை ஏசுவாள் என்று நினைத்துத்தான் சோறு கட்டிக்கொண்டு போனேன். அவள் ஏசவில்லை. "அண்ணாச்சி ஏன்க்கா இன்னும் வரல? இவிய வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ" என்றாள். நான் ரசத்தை ஊற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வேலையை விட்டு ஓடிவாருங்கள் என்று சொல்லமாட்டேன், அது உங்களால் ஆகாது. லீவு போட்டு வந்து அவர் கட்டிலண்டை ஒரு நாள் உட்காருங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அழுதால் சேர்ந்து அழுங்கள். பிறகு போங்கள்.

அந்த வார்டில் கால் போனவர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். பக்கத்திலேயே பெண்டாட்டிமார், ஒருத்தி தலை வாரிவிடுகிறாள், ஒருத்தி வெந்நீர் ஆற்றுகிறாள். பாவமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். மாதா என்னை மன்னிக்கட்டும், எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் புருஷன்மார் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மாதா உங்களுக்கு முன்னால் நடக்கட்டும்.

எப்படி வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்,
பவுன்