கழன்று விழுந்த கிளாடா மோதிரம்

அன்புள்ள லோர்கனுக்கு,

உன் இருமல் குறைந்ததா? ஆடுகள் நலமா? டப்ளினில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

நேற்று நகைக்கடையில் என் கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது. முதலாளி கோர்மக் எடுத்துக்கொடுத்து, "இதயத்தோட முனை நகத்துப் பக்கம் பார்க்கிற மாதிரி போட்டுக்கோ மேவ். கல்யாணம் ஆகலைன்னு நினைச்சு ஆம்பளைங்க கொஞ்ச நேரம் நின்னு வாங்குவாங்க" என்றான்.

கிளாடா மோதிரத்தில் ஏந்தும் கைகள் நட்பு, பச்சைக்கல் இதயம் அன்பு, மேலே கிரீடம் விசுவாசம் என்று நாள் முழுக்கத் தொண்டை வற்றச் சொல்லி அவன் சரக்கை விற்பவள் நான். "முதல்ல உங்க பெண்டாட்டியக் கூட்டிட்டு வந்து, அவங்க மோதிரத்தத் திருப்புங்க" என்றேன். அவன் கல்லாப் பக்கம் நகர்ந்துவிட்டான். பயப்படாதே, வேலை போகாது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் என்னை விட்டால் அவனுக்கு ஆளில்லை.

நீ போட்டுவிட்ட மாதிரியே, இதயம் மணிக்கட்டைப் பார்க்கத்தான் போட்டிருக்கிறேன். மோதிரத்தின் உள்பக்கம் சுற்றக் கொஞ்சம் கம்பளி நூல் அனுப்பு. விரல் ஏன் மெலிந்தது என்று கேட்காதே. உன் பழைய ஸ்வெட்டரிலிருந்து பிரித்து அனுப்பு. அதைத் துவைக்காதே.

கடை திறந்தாயிற்று, ஓடுகிறேன்.

மேவ்