மார்பில் குத்தியிருந்த பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்?

ஒரு செய்தி, பயப்படாதே. ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஐம்பது கிலோமீட்டர் பந்தயம் ஓடினேன். இவ்வளவு தூரம் இதுதான் முதல்முறை. முட்டி லேசாகச் சிராய்த்தது, அவ்வளவுதான். அப்பா காரியத்துக்கு லீவு கிடைக்காமல் போனதிலிருந்து வேலை முடிந்தால் அறையில் உட்கார முடியவில்லை. அப்படித்தான் ஓட ஆரம்பித்தேன்.

ஒரு வேடிக்கை கேள். இந்த நாட்டு வழக்கப்படி பந்தயப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கேது அது? இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதினேன். மார்பில் குத்தும் எண் அட்டையில் அதை மட்டும் பெரிதாக அச்சடித்துவிட்டார்கள். "உங்கப்பாவையில்ல ஓட விட்டிருக்கே" என்று அறைத் தோழன் சிரித்தான்.

நீ ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை மலை நெடுக யார் யாரோ கத்திக் கூப்பிட்டார்கள். நாற்பதாவது கிலோமீட்டரில் முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்த பெண் குனிந்து, அட்டையைப் படித்து, அப்பா பெயரைச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னாள். அன்றைக்கு நீங்களெல்லாம் அழுதழுது எழுப்பியதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மா. அவர் எழவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவன் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் நீலத் துண்டை அனுப்பி வை. துவைத்துவிடாதே.

ஷிப்டுக்கு நேரமாகிறது.

உன் மகன்