பூட்டிக் கிடக்கிற கடையிலிருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், என் இடது முழங்கால் மட்டும் அந்தச் சௌக்கியத்தில் சேரமாட்டேன் என்று தனியாக நிற்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்பாவிட்டால் மட்டும் நீ நேரத்துக்குச் சாப்பிடவா போகிறாய்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதியதும் கிடைத்தது, எனக்குத் தெரியாமல் அப்பாவுக்கு எழுதியதும் கிடைத்தது. முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் நின்று ஊரார் பேரையெல்லாம் மும்மூன்று தடவை கூவின டவாலிக்கு ரகசியம் படிக்கத் தெரியுமா, கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத்தான் படித்தார், எதிர்வீட்டு அம்மாள் வந்து உங்கள் பெண் ராஜியாகப் போகச் சொல்கிறாளாமே என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனாள். வழக்கைப் பேசி முடித்துவிட்டு, கடையையும் விட்டுவிட்டு அம்மா இங்கே வரட்டும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இந்த வார்த்தையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது, நான்தானே. தலைக்குக் குளிக்க வாய்தா கேட்ட பெண் நீ, பக்கத்துவீட்டுப் பையன் மேல் என்னிடம் பிராது கொடுத்த பெண் நீ. எந்த ராஜா காலத்திலோ குதிரை ஏறி வந்த வார்த்தைகள் இவை, ராஜா போய்விட்டான், குதிரையும் போய்விட்டது, இவை மட்டும் நம் கோர்ட்டு வராந்தாவில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்துவிட்டன. நம் வீட்டில் பாதிச் சாப்பாடு அவற்றுக்குத்தான்.

அப்பா உனக்கு எழுதிய கதையில் பாதி விட்டுப்போயிருக்கும், ஏனென்றால் அதில் என் முட்டாள்தனம் இருக்கிறது, அவர் பெரிய மனது பண்ணி மறைத்திருப்பார். நானே சொல்கிறேன். நம் கோர்ட்டில் பிராதின் முதல் தாளை வக்கீல் ஆபீசிலேயே கையால் எழுதிவிடுவார்கள், பேர், ஊர், சொத்து விவரம் எல்லாம் அதில்தான். மீதித் தாள்கள்தான் டைப் அடிக்க என் கடைக்கு வரும், அதில் வாதி, பிரதிவாதி என்றுதான் இருக்குமே தவிர யார் எவர் என்று இருக்காது. ஆறு மாதம் முன்னால் ஒரு காலை நம் மேற்படியார் வந்தார், அதுதான், மேற்படி டீ, மேற்படி மழை என்று பேசுவாரே அந்த வக்கீல் குமாஸ்தா. ஒரு கடைக்காரி ஏழு மாதமாகத் தொழில் நடத்தாமல் கடையைப் பூட்டிப் போட்டிருக்கிறாள், அவளைக் காலி செய்து தரவேண்டும் என்று கடையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கொடுத்த பிராது. அடித்தேன். சும்மா அடிக்கவில்லை, அந்த வீட்டுக்காரர் மேல் இரக்கப்பட்டு அடித்தேன். பூட்டி வைத்திருக்கிறார் என்று சப்பையாக இருந்த இடத்தில், பூட்டித் துருப்பிடிக்கவிட்டு எலிகளுக்கு ஒப்படைத்திருக்கிறார் என்று என் கைச்சரக்கையும் சேர்த்தேன். இந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக்கூடாது என்று மேற்படியாரிடம் நியாயம் வேறு பேசினேன். அவர் ஆமாம் ஆமாம் என்று டீயைக் குடித்தார். அவருக்கும் தெரியாதாம், சத்தியம் பண்ணுகிறார், இருபது வருஷமாகக் கால் தானாக இங்கே வந்துவிடுகிறதாம், முதல் தாளை அவரும் படிக்கவில்லையாம். வழக்கம்போலக் கடைசித் தாளின் அடியில் என் முத்திரையைக் குத்தினேன். டைப் அடித்தவர் பேர், கடைக் கதவு எண், தேதி, மூன்றும் இருந்தால்தான் நம் கோர்ட்டில் தாளை வாங்குவார்கள்.

பத்து நாள் கழித்து கோர்ட்டு அமீனா வந்து நிற்கிறார், ஒரு கையில் சம்மன், ஒரு கையில் பசைப் புட்டி. கடை பூட்டியிருக்கும், கதவில் ஒட்டிவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நானோ கதவுக்குப் பின்னால் கார்பன் தாள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாவம், கதவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், அக்கா எதுல ஒட்டறது என்கிறார். கையிலேயே கொடுங்கள் தம்பி என்று வாங்கிப் படித்தேன். அந்த எலிக்காரி நான்தான். என் தமிழ் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

தெருவில் ஒரு வக்கீலும் வக்காலத்துப் போடவில்லை. பாதிப் பேர் ஆபீஸ் நடத்துவது அதே வீட்டுக்காரரின் மாடியில், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சரி போ என்று நானே போய் நின்றேன். வேறு டவாலி மூன்று தடவை கூப்பிட்டார், உன் அப்பா குரலில் கால்வாசி இல்லை, நான் மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆஜர் என்றேன். நீதிபதியம்மா சின்ன வயது, உன்னைவிட நாலைந்து வருஷம் மூத்திருக்கலாம். உங்கள் வக்கீல் எங்கே என்றார், நான்தான் என்றேன். என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்றார். பிராதின் கடைசித் தாளை மட்டும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீலிடம், “பூட்டியிருக்கிற கடைக்குள்ள போய் எப்படி சார் டைப் அடிச்சுட்டு வந்தீங்க?” என்று கேட்டார். வக்கீல் வாய்தா கேட்டார். பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை.

அதிலிருந்துதான் இந்த ராஜிப் பேச்சு. வீட்டுக்காரர் அவராகவே வந்தார், கட்சிக்காரர்கள் உட்காருகிற அந்த ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்தார், ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வருஷம் அவகாசம் தருகிறாராம், பிறகு மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை தருகிறாராம். அதெல்லாம்கூடப் பேசலாம் மகளே. ராஜி மனுவில் நடுவே ஒரு வரி இருக்கிறது, பிரதிவாதி ஏழு மாதம் கடையைப் பூட்டி வைத்திருந்ததை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறார் என்று. பொய்ப் பிராது கொடுத்தவர் என்ற பேர் அவருக்கு வரக்கூடாதாம். ஒரு வரிதானேம்மா, கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க என்றார். “அந்த ஏழு மாசமும் நான் இங்கதான் உக்காந்திருந்தேன், உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகை மேட்டர்கூட இதே மிஷின்ல அடிச்சதுதான்” என்றேன். மனிதர் எழுந்துவிட்டார்.

உன் அப்பா போட்டுவிடு என்கிறார். பயம், வேறொன்றுமில்லை, பெரிய இடத்தோடு மோதினவர்கள் கதையை வாசலில் நின்றே முப்பது வருஷம் பார்த்தவர். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை, ஆஜராகாதவர் என்று நான் எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டேன், பதில் வராவிட்டாலும் நடவடிக்கைகள் நடக்கின்றன. ஆனால் அடுத்த வாய்தா நாளான செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்ன மனிதர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார், பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

தோற்றாலும் தோற்பேன், தெரியாமல் பேசவில்லை. தொழில் நடக்கிறது என்று ஜெயித்தால், வேறு காரணம் சொல்லி நாளைக்கே இன்னொரு பிராது போடுவார். போடட்டும். கடைசியில் அமீனா வந்து மிஷினைத் தூக்கித் தெருவில் வைப்பதானாலும், உள்ளே யார் இருந்தார் என்று அவர் எழுதியாகவேண்டும் இல்லையா, நான் இருந்தேன் என்று எழுதட்டும். இல்லாமல் போனேன் என்று மட்டும் என் கையாலேயே எழுதித் தரமாட்டேன். நீ டிக்கெட் போடாதே. உன்னைப் பார்க்க வருவேன், கண்டிப்பாக வருவேன், ஆனால் விருந்தாளியாகத்தான் வருவேன், விரட்டப்பட்டவளாக வந்து உன் வரவேற்பறையில் உட்காரமாட்டேன்.

பனியில் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை முகம் பார்த்துப் பேசு, போனையே பார்த்துக்கொண்டு பேசாதே. நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும், யாரிடமும் தலை குனியாமல் இருக்கவேண்டும், இதுதான் என் ஆசி. ஒன்றை மறந்துவிடாதே, இனிமேல் கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடவேண்டாம், கடை விலாசத்துக்கே போடு, கதவு எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுது. தபால்காரர் தினமும் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் வருகிறார், நான் இருப்பேன்.

இப்படிக்கு,
கடையில் உட்கார்ந்து இதை எழுதும்
உன் அம்மா