மாற்றலுக்கு முன் பார்த்த பள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரருடைய கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடுகிறது. லிப்ட் பழுது பார்ப்பவர்கள் பதினோரு பேருக்கும் இரண்டே வழி. துறைமுக ஊர், இல்லாவிட்டால் மலையடி ஊர். மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் பாடு பரவாயில்லை. குடிநீர்ச் சோதனைக்கூடம் இல்லாத ஊர் ஏது? மாற்றல் கேட்டால் கிடைத்துவிடும்.

மகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்வோம் என்று காலையில் சொன்னேன். வாலு ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இப்போது சேர்க்கும் இடத்தில்தான் கடைசிவரை படிக்கப் போகிறாள்.

"அப்போ மலையடிக்கே போயிடலாம்" என்றார் அவர். சட்டையில் ஒரு கை நுழைந்திருந்தது, இன்னொரு கை வெளியே. ஒரு பள்ளியைக் கூடப் பார்க்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. மிக்சி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர்.

இவ்வளவு அவசரம் ஏன்?

மார்ச் 4, புதன்

மலையடியில் அவருடைய அக்கா இருக்கிறாள். அதுதானா?

மார்ச் 7, சனி

இரண்டு ஊர்ப் பள்ளிகளின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துறைமுக ஊரில் மணிக்கூண்டு வைத்த பள்ளி ஒன்று. ஒன்பது வருடமாக ஒரு பிள்ளை கூடத் தோற்கவில்லை. மலையடியில் எந்தப் பள்ளி என்று கேட்டதற்கு இவர் ஒரே ஒரு பள்ளியைத்தான் சொன்னார். அது பட்டியலின் நடுவில் எங்கோ கிடக்கிறது. தேடி எடுக்க வேண்டியிருந்தது.

நூற்றுக்கு நூறு சுத்தம் என்று ஒரு குழாய்த் தண்ணீர் வந்தால் இரண்டாம் முறை சோதிப்பது என் வழக்கம். அந்தப் பள்ளியையும் நேரில் பார்க்காமல் நம்பப் போவதில்லை. ஆனால் நம்ப ஆசையாக இருக்கிறது. அதையும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் அவர் பால்கனியில் நின்று அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். துணி எடுக்க நான் போனதும், "சரிக்கா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மழை வரும்போல இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். வானத்தில் மேகமே இல்லை.

வாலுவும் அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தோழியோடு போனில் முணுமுணு என்கிறாள். என்னடி பேச்சு என்றால், "பாடம்மா" என்கிறாள். தினமும் ஒரு மணி நேரம் என்ன பாடம்? இந்த வீட்டில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

மார்ச் 11, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு துறைமுக ஊருக்குப் போய் வந்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் எந்தக் குழாயும் சுத்தமாகத்தான் இருக்கும்.

மணிக்கூண்டுப் பள்ளியின் தரை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. வரவேற்பில் இருந்த பெண் உட்காரச் சொன்னாள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவர் முழுக்க வருடா வருடம் எடுத்த வகுப்புப் படங்கள். வேறு வேலை இல்லை, எண்ண ஆரம்பித்தேன். ஒரே வகுப்பை வருடம் வருடமாகப் பின்தொடர்ந்தேன். ஐந்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஏழில் முப்பத்தாறு. எட்டில் முப்பத்தொன்று. பத்தில் இருபத்து நான்கு. அடுத்த வருடத்து வகுப்பும் இப்படியே தேய்ந்துகொண்டு வந்தது. முன்வரிசையில் பல் விழுந்த சிரிப்போடு ஒரு சுருட்டைமுடிப் பெண். ஏழுவரை இருக்கிறாள். எட்டில் இல்லை.

"மத்த பிள்ளைங்க எங்க?" என்று வரவேற்புப் பெண்ணிடம் கேட்டேன்.

"பேரண்ட்ஸுக்கு டிரான்ஸ்பர் ஆகியிருக்கும் மேடம்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாதி வகுப்புக்கா டிரான்ஸ்பர்? யார் காதில் பூ சுற்றுகிறாள்?

வெளியே வந்து எதிரே இருந்த சீருடைத் தையல் கடைக்குப் போனேன். அளவு கேட்பதுபோல் பேச்சுக் கொடுத்தேன். தையல்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க பொண்ணு நல்லா படிப்பாளா?" என்றார்.

"நல்லாவே படிப்பா."

"அப்போ கவலையில்ல. இல்லாட்டி புதுசு தைக்காதீங்க. ஏழாவது, எட்டாவது முடிஞ்சதும் பாதித் துணி எங்கிட்டயே திரும்பி வரும், பழசு வாங்கிக்கச் சொல்லி. ஒரு அம்மா இங்கயே இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதுச்சு. பெரிய பரீட்சைக்கு முன்னாடி களை எடுத்துடறாங்கம்மா."

ஆக, தோற்கக்கூடியவர்களை முன்பே வெளியே அனுப்பிவிட்டால் யார்தான் தோற்பார்கள்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். திரும்பி வரும் வழியெல்லாம் நான் நினைத்தது அந்தச் சுருட்டைமுடிப் பெண்ணை அல்ல. நம்ம பொண்ணு அந்த இருபத்து நாலில் இருப்பாள் என்றுதான்.

மார்ச் 12, வியாழன்

அதையே அவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்க மாட்டா" என்றார்.

"என்ன இருக்க மாட்டா? பெத்த அப்பா பேசற பேச்சா இது?"

"விடு."

"எப்படி விடறது? பாடம் பூரா கடகடன்னு ஒப்பிக்கிறா. உங்களுக்கு உங்க அக்கா வீட்டுப் பக்கம் போகணும், அதுக்குப் பிள்ளையை மட்டம் தட்டணுமா?"

அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வாலு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பென்சில் ஓடும் சத்தம் நின்றுவிட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

மார்ச் 14, சனி

அவர் குளிக்கும்போது வேலை நோட்டைப் புரட்டினேன். ஆமாம், புரட்டினேன். லிப்ட் எண், கம்பி தேய்மானம், மாற்ற வேண்டிய பாகம் என்று அழகாக எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு போன் எண். பக்கத்தில் 'செவ்வாய், வியாழன், 4 மணிக்கு மேல்'.

பன்னிரண்டு வருடம் இவரோடு குடும்பம் நடத்திவிட்டு, ஒரு எண்ணைப் பார்த்ததும் என் புத்தி எங்கெல்லாம் போனது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பக்கத்துக் கடை வாசலில் நின்று அந்த எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். நடுத்தர வயதுக் குரல். நான் வாயைத் திறக்குமுன் அவளே, "வாசிப்பு டீச்சர்தான் பேசறேன். சொல்லுங்க" என்றாள்.

எந்த வாசிப்பு, எந்தப் பள்ளி என்று கேட்டேன். மலையடிப் பள்ளி. அவர் பெயரைச் சொன்னேன்.

"ஓ, நீங்க அம்மாவா? ஜனவரியில பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தாரே. நீங்க பேசுவீங்கன்னு எதிர்பார்த்தேன்." ஜனவரியிலா என்று கேட்டேன். "அவர் உங்ககிட்ட சொல்லலையா? அப்போ நான் சொல்றது சரியில்ல. வீட்ல கேளுங்க."

ஜனவரியில் அப்பாவும் பெண்ணும் அத்தையைப் பார்க்கத்தான் போனார்கள். அப்படித்தான் என்னிடம் சொன்னார்கள், இரண்டு பேரும்.

மார்ச் 15, ஞாயிறு

அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பூசி மெழுகிவிடுவார் என்று நினைத்தேன். அவர் காய்கறி வாங்கப் போனதும் வாலுவைக் கூப்பிட்டேன்.

பாடப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். தண்ணீர் மாதிரி ஓடியது, திக்கல் இல்லை திணறல் இல்லை. ஆனால் பக்கத்தின் அடியில் வந்த பிறகும் நிற்கவில்லை. தாளைத் திருப்பாமல் அடுத்த பக்கத்தையும் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. மருந்து டப்பாவுக்குள் இருந்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். "இதைப் படி."

பார்த்தாள். "கண்ணு வலிக்குதும்மா."

"முதல் வரி மட்டும் படி."

"எ... எழுத்து சின்னதா இருக்கு."

இருட்டில் படியைத் தேடுவதுபோல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். மூன்றாவது சொல்லில் நின்றாள். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. நான் பெற்ற பிள்ளை. நானோ குழாயடியில் சோதனைப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்போல நின்றுகொண்டிருந்தேன்.

"எழுத்தெல்லாம் நகருதும்மா" என்றாள். பிறகு அழுதாள். பிறகு எல்லாம் வந்தது. தோழி போனில் பாடத்தை வாசிப்பாளாம், இவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாளாம். இரண்டு வருடமாக! எந்தப் படத்துக்குக் கீழே எந்தப் பாரா என்று அடையாளம் வைத்திருக்கிறாள். அதற்கு எவ்வளவு மூளை வேண்டும்!

ஊரில் உள்ள தண்ணீரையெல்லாம் சோதிச்சேனே, என் வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியலையே எனக்கு.

மார்ச் 16, திங்கள்

அவரோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசினேன். போன வருடம் அவளை வேலைக்குக் கூட்டிப் போனபோது லிப்டின் எச்சரிக்கைப் பலகையைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். முடியவில்லை. அன்றைக்கே தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிக்கிட்டா."

"என்னன்னு?"

அவர் துணிக் கொடியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "அம்மாகிட்ட சொன்னா அம்மா டெஸ்ட் பண்ணுவாங்கன்னு."

நேற்று நான் செய்ததும் அதுதான்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொன்னது அவருடைய அக்கா. அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதேதானாம், அந்த டீச்சரிடம்தான் வாசிக்கக் கற்றதாம். நாத்தனாரை நான் என்னென்னவோ நினைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

மலையடிப் பள்ளி. இதற்கும் சொல்லாமல்தான் போனேன். உடம்போடு வந்த குணம் ஒரு வாரத்தில் போகுமா?

தலைமையாசிரியர் ஒரு கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, "என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றார். பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்களே, மூடிவிடுவார்களா என்று நேராகவே கேட்டேன்.

"குறைவுதான். மூடற அளவுக்கு இல்ல. போன வருஷம் பத்தாவதுல அஞ்சு பேர் பெயில். நாலு பேர் மறுபடி எழுதி பாஸ் பண்ணிட்டாங்க. ஒருத்தன் இன்னும் வந்து படிக்கிறான்."

ஐந்து பேர் தோற்றதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறவரை என்ன செய்வது? எந்த வகுப்பில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள் என்றார்.

வாசிப்பு அறையில் உட்கார்ந்தேன். ஏழு பிள்ளைகள். டீச்சர் குள்ளமாக, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய பெண் ஒரு வரியை நான்கு முறை தப்பாகப் படித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐந்தாம் முறை சரியாக வந்ததும் பக்கத்தில் இருந்தவள், "அப்பாடா, பசிக்குது" என்றாள். எல்லோரும் அதற்குத்தான் சிரித்தார்கள், படித்தவள் உட்பட.

வெளியே வரும்போது குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் சுமார்தான், தொட்டி கழுவி நாளாகியிருக்கும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். "எப்போ கழுவினோம்னு எழுதி வைக்கல. தப்புதான்" என்று அங்கேயே சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

எதையோ மறைக்கிறார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். அகப்படவில்லை.

மார்ச் 28, சனி

மலையடி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவால்லம்மா" என்று பெரியவளைப்போலச் சொன்னாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றின் மேலும் அவர் எழுத்தோடு சேர்த்துப் படமும் வரைந்து வைத்திருக்கிறார். கரண்டி, தலையணை, செருப்பு. செருப்பைப் பார்த்து நான் மீன் என்று நினைத்தேன். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 22, திங்கள்

தினமும் மாலையில் 'இன்னைக்கு என்ன படிச்சே' என்று கேட்க வாய் துடிக்கிறது. கேட்காமல் இருக்கப் பழகுகிறேன். இன்று மூன்று முறை கேட்கவில்லை. ஒரு முறை கேட்டுவிட்டேன். வாலு பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

நான் புதுச் சோதனைக்கூடத்திலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாலு ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக அடுக்களைக்கு வந்து ஒரு தாளை மேடைமேல் வைத்தாள். நான் கேட்கவே இல்லை. சொல்வதெழுதுதல். பத்துச் சொற்கள். மேலே சிவப்பில் நான்கு என்று போட்டிருந்தது.

தாளைக் கையில் எடுத்த உடனே என் கண்ணில் பட்டுவிட்டது. சரி போட்டிருந்த நான்கில் ஒன்று தப்பு. 'பரவை' என்று எழுதியிருந்தாள். டீச்சர் கவனிக்கவில்லை, கண்ணாடி தலையில் இருந்திருக்கும். நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நாலா? பரவாயில்லையே" என்றேன்.

"நாலு இல்லம்மா, மூணுதான்" என்றாள் வாலு. விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். "இங்க பாரு, பறவைக்குப் பெரிய ற போடணும். பஸ்ல வரும்போதுதான் படிச்சுப் பார்த்தேன். நாளைக்கு டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.