சுண்டெலி மதியம் தூங்கும் வீடு

மே 4, ஞாயிறு

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். போன புதன்கிழமை நம் பேத்தி சுண்டெலி, என்னைக் குளியலறைக்குள் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

தலை நிறைய சோப்பு நுரை. முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். "கதவைத் திற கண்ணு" என்றேன். வெளியே சிரிப்பு. "பிஸ்கட் தர்றேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. பிஸ்கட்டைத் தேடிப் போய்விட்டாள். என் அறிவைப் பார்த்தீர்களா?

அதற்கப்புறம் கதவில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். முன்னறைத் தையல் கடை வாசலுக்குக் குறுக்கே தடுப்புப் பலகை வைத்திருந்ததால் தெருவுக்குப் போயிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நுரை காய்ந்து தலை கஞ்சி போட்ட சட்டைக் காலர் மாதிரி விறைத்துவிட்டது. கடைசியில், திரைச்சீலை தைக்கக் கொடுத்திருந்த டீச்சர் வந்து திறந்துவிட்டார். நான் துண்டோடு நிற்கிறேன். அவர் தரையைப் பார்த்தபடி, "மாஸ்டர், என் திரைச்சீலை ரெடியா?" என்கிறார். ரெடியாக இருந்திருந்தால் அதைத்தான் சுற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

இப்போது என் கேள்வி. அவளுக்குத் தாழ்ப்பாள் போட யார் சொல்லிக்கொடுத்தது? இரண்டு வயதுக் குழந்தை. போன மாதம் வரை கதவு என்றால் அவளுக்குத் தலையை முட்டிக்கொள்ள ஒரு இடம், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். பூட்டத் தெரிகிறது, திறக்கத் தெரியவில்லை. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர் ஒரு வேலையைப் பாதியில் விடுவாரா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மறைத்துப் பேச என்ன இருக்கிறது? ஜூன் நடுவில் என் மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். பகலில் குழந்தை உங்கள் வீட்டிலா, என் வீட்டிலா என்று இந்தக் கோடை முடிவதற்குள் அவள் தீர்மானிப்பாள். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று அனுப்புவது நம்மை எடை போடத்தான். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டையில்தான் முடிக்கிறோம் என்று, "எழுதி, பாப்பா பையில வைங்க. எழுதினா வார்த்தை குறையும்" என்று சட்டம் போட்டாள். எனக்குக் கை வலிக்கிறதே தவிர வார்த்தை ஒன்றும் குறைந்தபாடில்லை.

குளியலறை விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம்.

அன்புடனும் சந்தேகத்துடனும்,
உங்கள் சம்பந்தி,
தையல்காரன்


மே 11, ஞாயிறு

சம்பந்திக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. தாழ்ப்பாள் சொல்லிக்கொடுத்தது நான்தான். ஷெட் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். பாப்பா பார்த்தாள், செய்தாள். திறக்கவும் தெரியும். இங்கே பத்து தடவை திறந்தாள். உங்களை ஏன் திறந்துவிடவில்லை என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

நானும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வாரம் அவள் பையில் புதுக் கவுன்கள் வந்தன. ஒவ்வொரு தடவையும் வருகின்றன. எல்லாக் கவுனிலும் இரண்டு பாக்கெட். குழந்தைக்கு எதற்குப் பாக்கெட்? அவள் நடந்தால் உண்டியல் நடப்பதுபோல் சத்தம் வருகிறது. சாயங்காலம் கவுனைக் கழற்றி உதறினால், நான் ஷெட்டில் பிரித்துப்போட்டிருக்கும் ஸ்கூட்டரில் பாதி கீழே விழுகிறது. சின்னச் சாமான்களையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டேன். ஒரு ஸ்பேனரைக் காணவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். பாக்கெட் தைத்தவர் எதை நினைத்துத் தைத்தார் என்று எனக்குத் தெரியும். புதுத்துணி கொடுத்துக் குழந்தையைப் பிடிப்பது ஒரு வழி. அது என் வழி இல்லை.

மதியம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் தூங்குகிறாள். ஒரு தொந்தரவும் இல்லை. என் வீட்டுக்காரி போன பிறகு இங்கே சத்தம் போட ஆள் கிடையாது. தூங்க நல்ல வீடு.

குளியலறை விஷயம் நான் சொல்லவில்லை. என் பையன் டீச்சர் வாயால் கேட்டுவிட்டு வந்து சிரித்தான்.

இப்படிக்கு,
மெக்கானிக்


மே 18, ஞாயிறு

அன்புள்ள சம்பந்திக்கு,

ஸ்பேனர் கிடைத்தது. இந்தப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். நான் வரவழைக்கவில்லை, அதுவாகத்தான் வந்தது.

இந்த வெயிலில் ஒரு சுகத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். காலையில் பின்பக்கம் பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி அவளை உட்கார வைக்கிறேன். நான் பக்கத்தில் முக்காலியில். குவளை குவளையாக மொண்டு என் காலில் ஊற்றுகிறாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, வளரு" என்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? வளர்கிறேன் தாயே என்று எழுந்து நின்றேன். கைதட்டினாள். நானும் ஏதோ சாதித்துவிட்டது போலக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

இதெல்லாம் காலை. மதியம் இருக்கிறதே! தெருவே தூங்குகிறது. எதிர்வீட்டுச் சுவர் நிழலில் நாய் தூங்குகிறது. மின்விசிறி கூடச் சுற்றச் சோம்பல்பட்டுத்தான் சுற்றுகிறது. சுண்டெலி மட்டும் தூங்க மாட்டாள். குப்புறப் படுத்தால் முதுகில் நடக்கிறாள். மல்லாந்து படுத்தால் இமையை விரலால் தூக்கி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறாள். பாட்டு, கதை, தோள், தொட்டில் எல்லாம் பார்த்தாயிற்று. சாயங்காலம் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து என் மனைவி வந்து, சுவரோரம் சாய்ந்து கிடக்கும் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "என்ன, இன்னைக்கும் குழந்தை உங்களை நல்லாப் பார்த்துக்கிட்டாளா?"

அதனால்தான் உங்கள் "இரண்டு மணி நேரம்" எனக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அதே குழந்தை, அதே வெயில். இங்கே ஒரு நிமிஷம் கண்ணை மூடாதவள் அங்கே எப்படி? மாப்பிள்ளையிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது மாமா, நான் பகல்ல ஆபீஸ்ல இருக்கேன்" என்று நழுவினார். அப்பாவைக் காப்பாற்றுகிறார் என்று நினைக்கிறேன். நேராகவே கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். இருமல் மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா? சிலதில் தூக்கம் வரும் என்று என் மனைவி சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பாக்கெட் இல்லாத கவுன் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
தையல்காரன்


மே 25, ஞாயிறு

சம்பந்திக்கு,

இருமல் மருந்து என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் வாரம் முழுக்க இருந்தேன்.

நான் பஸ்ஸுக்குக்கூடக் கலப்பட எண்ணெய் ஊற்றினவன் இல்லை. என் பேத்திக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைப்பேனா? அந்தக் கடிதத்தை மருமகளிடம் காட்டினால் உங்கள் பக்கம் அன்றோடு முடிந்தது. காட்டவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள். பகலில் கதவு திறந்துதான் இருக்கும்.

இன்னொன்று. சாயங்காலம் ஆனால் பாப்பா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாத்தா, தாத்தா என்கிறாள். நான் பின்னால்தான் நிற்கிறேன். இங்கே இருக்கேன்மா என்றால் திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி தெருவைப் பார்த்துத் தாத்தா என்கிறாள். இது நீங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பியதா? அப்படியிருந்தால் வேண்டாம், நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாக்கெட் இல்லாத கவுனைப் போட மாட்டேன் என்கிறாள்.

மெக்கானிக்


ஜூன் 1, ஞாயிறு

அன்புள்ள சம்பந்திக்கு,

மருந்து வரிக்கு மன்னித்துவிடுங்கள். கேட் விஷயம் சத்தியமாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை. என் மனைவி அந்த வரியைப் படித்துவிட்டு, "பாவம்ங்க அவர்" என்றாள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

இன்னும் இருக்கிறது. நேரில் வந்து பாருங்கள் என்று நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வரும்போது, நான் வந்துவிட்டுப் போயிருந்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை மதியம். கடையை மூடிவிட்டு, ஆள் தெரியாமலிருக்க மனைவியின் பூப்போட்ட குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் குடையோடு என்னைப் பார்க்காத ஆள் பஸ்ஸில் ஒருவர்கூட இல்லை. உங்கள் ஷெட்டின் பின்பக்கம் போய், செங்கல்மேல் ஏறி, சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கையில் மருந்து பாட்டிலோடு உங்களைப் பிடித்துவிடலாம் என்று வந்தவன் நான்.

தரையில் பாய். பாய்க்குப் பக்கத்தில் பிரித்துப்போட்ட ஸ்கூட்டர். அதன் மறைவில் உங்கள் முகம் தெரியவில்லை. நான்கு பாதங்கள்தான் தெரிந்தன. இரண்டு பெரிசு, இரண்டு என் கட்டைவிரல் நீளம். உங்கள் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது: "கார்புரேட்டர்... பிளக்கு... கிளட்ச் கேபிள்... கிக்கர்..." முடிந்ததும் மறுபடி கார்புரேட்டர். சின்னப் பாதம் இரண்டும் அசையவே இல்லை. குழந்தை தூங்கிவிட்டாள், நிறுத்தினால் விழித்துவிடுவாளோ என்று நீங்கள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்கக் கேட்க எனக்கே கண் சொருகி, செங்கல் ஆடி, கீழே வந்துவிட்டேன். அந்த வழியாகப் போனவர், "யாரைப் பார்க்கணும்?" என்றார். "பார்த்தாச்சுங்க" என்று குடையை விரித்துக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வித்தையைத் திருடிக்கொண்டு வந்துவிட்டோம் என்ற மிதப்பில், இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் தையல் மெஷின் பக்கத்தில் பாயை விரித்து அவளைப் படுக்க வைத்து நானும் படுத்தேன். "ஊசி... பாபின்... பெல்ட்டு... மிதி..." நாலாவது சுற்றில் தூக்கம் வந்தது. எனக்கு.

கண் விழித்தால் பக்கத்தில் குழந்தை இல்லை. வெட்டுகிற மேசைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். மடியில் டீச்சரின் திரைச்சீலை, ஒரு மூலை கடித்துக் குதறியது போல. கையில் என் பெரிய கத்திரி. நாற்காலிமேல் வைத்தவன் நான்தான். முனை அவள் கழுத்துப் பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு கையாலும் பிடியை விரிக்கப் பார்க்கிறாள்.

கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவாளோ என்று கூப்பிடவில்லை. தவழ்ந்து போனேன். மேசையடி எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையைப் பிடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, "தாத்தா, தைக்கலாம்" என்றாள். ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் மறுநாள் வரை ஊசியில் நூல் கோக்க வரவில்லை.

என் மனைவியிடம் கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன். அங்கே மதியம் குழந்தை தூங்குகிறாள், தாத்தா விழித்திருக்கிறார். இங்கே தலைகீழ். அதனால் நான் விலகிக்கொள்கிறேன். அவள் உங்களிடமே இருக்கட்டும். கடையில் வேலை அதிகம், பகலில் என்னால் முடியாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். "வேலை அதிகமா? உங்க கடையிலயா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன கண்டுபிடித்தாளோ, மேலே கேட்கவில்லை.

இந்தத் தடவை எல்லாக் கவுனிலும் பாக்கெட் வைத்திருக்கிறேன். சாயங்காலம் அவள் கேட்டுக்குப் போனால், வெயில் தாழட்டும், தாத்தா வருவார் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் இல்லையா?

தோற்றாலும் அன்பு குறையாத,
தையல்காரன்


ஜூன் 8, ஞாயிறு

சம்பந்திக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. விலக வேண்டாம்.

மருமகளிடம் பேசிவிட்டேன். காலையில் பாப்பா உங்கள் வீட்டில் இருக்கட்டும், டப்பு அங்கேதான் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் இங்கே வந்துவிட வேண்டும். சாயங்காலம் வரை இரண்டு பேரும் இருப்போம். மதியத்தில் உங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். விசாரித்துவிட்டேன். ஏன் இப்படி என்று மருமகள் கேட்டாள். எனக்கு வயசாச்சும்மா, ஒத்தை ஆளா முடியல என்றேன். கத்திரியைப் பற்றிப் பேசவில்லை. மருந்துக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கைவேலை இருந்தால் கொண்டுவாருங்கள். ஷெட்டில் ஒரு மூலை காலி செய்திருக்கிறேன். கத்திரி மாட்ட உயரத்தில் ஆணி அடித்தாயிற்று. முன்வாசல் வழியாக வரலாம். பூக்குடை தேவையில்லை.

வருவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மருமகள் குழந்தையை உங்களிடம் விட்டுவிடுவாளோ என்றுதான் இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். பாப்பா இந்த வீட்டில் ஒரு மதியம்கூடத் தூங்கியதில்லை. நீங்கள் எட்டிப் பார்த்த அன்றும் தூங்கவில்லை. கையில் ஒரு பெரிய நட்டும் போல்ட்டும் கொடுத்திருந்தேன், கழற்றுகிற மும்முரத்தில் காலை அசைக்காமல் படுத்திருந்தாள். கார்புரேட்டர், பிளக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத் தூக்கம் வந்துவிடாமல் இருக்க.

மெக்கானிக்